முதுகில் நம்பர் போட்டவர்

அவர் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போவார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் உள்ளே யார் பெயர் என்று பார்க்க மாட்டார். அட்டையைத் தூக்கிப் பிடித்து, திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, "ரெண்டு" என்பார். ஓட்டலில் தோசை வந்தாலும் அதே மரியாதைதான். ஓட்டை ஜாஸ்தியாக இருந்தால், "மூணு. சட்னி போட்டு மறைச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கடைசித் துண்டுவரை சாப்பிடுவார். மூன்றாம் நம்பர் தோசை மேல் அவருக்குக் கோபம் எதுவும் கிடையாது. அது மூன்று என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகளே, ஒரு வாரமாக நம் வீட்டில் குரூப் சண்டை நடக்கிறது. பெரியவள் பிளஸ் ஒன் சேரப் போகிறாள். அவள் எந்த குரூப் எடுக்க வேண்டும் என்று ஆறாவது படிக்கிற சின்னவன் சொல்கிறான். நேற்று இரண்டு பேரும் என்னிடம் வந்து, "அப்பா, நீ எந்த குரூப்?" என்று கேட்டீர்கள். மூன்றாவது குரூப் என்று சொல்லிவிட்டேன். அது உண்மைதான். ஆனால் அது எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டுமானால், இந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்னால் நடுவில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள். ஊர் முழுக்க அவரை செலக்‌ஷன் பாய் என்றுதான் கூப்பிட்டது.

ஆம்பூர் ரோட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பிரிக்கிற வேலை; அங்கே அதற்கு செலக்‌ஷன் என்று பெயர். பதம் போட்டு, சாயம் ஏற்றி, காய வைத்து முடித்த தோல்கள் அவருடைய மேசைக்கு வரும். வடக்குப் பக்க ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பார்த்து முடித்ததும் தோலைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் சாக்பீஸால் ஒன்றிலிருந்து நான்குவரை ஒரு நம்பர் போடுவார். எதற்கும் ஆகாத தோலுக்கு நம்பர் கிடையாது. ஒரு வட்டம் போட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு. தோசைக்குச் சொல்வதுபோல் தோலுக்கு வாயால் நம்பர் சொல்ல மாட்டார். அடுத்த தோலுக்குக் காது கேட்டுவிடும் என்று பயப்படுகிற மாதிரி, வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் போடுவார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தோலைத் தொடவும் மாட்டார். வெளிச்சம் மஞ்சளாகிவிட்டால் பொய் சொல்லுமாம்.

அவரிடம் இன்னொரு பிடிவாதம் இருந்தது. ஒரு முறை பார்த்ததை மறுபடி பார்க்க மாட்டார். வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வந்த ஒரு துரை, ஒரு கட்டைக் காட்டி, "இதை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்" என்று முதலாளியிடம் கேட்டாராம். முதலாளியும் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ரெண்டாவது தபா நான் பாத்தா, மொதோ தபா பாத்தவன் யாரு மொதலாளி? அவன் இன்னா, என் சின்னம்மா புள்ளையா?"

துரைக்கு அதை எப்படி மொழிபெயர்த்துச் சொன்னார்களோ தெரியாது. கட்டு அப்படியே கப்பல் ஏறிற்று.

தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பேரணாம்பட்டுக்குப் போனபோதும் அப்படித்தான். பையன் வந்து சலாம் சொல்லி நின்றிருக்கிறான். பாய் அவனை முற்றத்துக்கு அழைத்துப் போய், "அப்படியே கொஞ்சம் திரும்புங்க மாப்ளே" என்றார். பையனுடைய அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"முதுகுல இன்னா பாய் பாக்குறீங்க?"

"முன்பக்கம் எல்லாரும் பாலிஷ் போட்டுக்குனு வந்துடுவாங்க பாய். பின்பக்கம்தான் நெஜம் தெரியும்."

அந்தக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல மனிதர். இன்றைக்கும் யாராவது பின்னால் வந்து நின்றால் திடுக்கிட்டுத் திரும்புவார்.

இப்படிப்பட்டவர் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் லுத்தரன் மிஷன் நடத்திய ஆண்கள் பள்ளி ஒன்று இருந்தது. வாசல் வளைவில் 'உயர்நிலைப் பள்ளி, ஜூனியர் காலேஜ்' என்று பழைய எழுத்தில் எழுதியிருக்கும். அதனால் பிளஸ் ஒன் சேர்ந்த பையனை ஊரில் யாரும் பிளஸ் ஒன் என்று சொல்ல மாட்டார்கள். "ஜூனியர் காலேஜ் போய்ட்டான்" என்பார்கள். அங்கே நான்கு குரூப்கள் இருந்தன. ஒன்றாவது, கணக்கும் உயிரியலும். இரண்டாவது, கணக்கும் கம்ப்யூட்டரும். மூன்றாவது, வணிகவியல். நான்காவது, வரலாறு. ஊரில் பிறந்த ஒவ்வொரு பையனும் ஒன்றாவது குரூப்புக்கென்றே பிறந்தவன் என்று அவனைப் பெற்றவர்கள் நம்பினார்கள். ஜூன் மாதம் வந்தால் தலைமையாசிரியர் அறை வாசலில் ஒரே பேஜார். ஒரு வருடம் யாரோ ஒருவர் கோபத்தில் அவருடைய மேசைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்.

தலைமையாசிரியர் சாது. காலை ஜெபத்தில்கூடக் கடவுளைச் சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டார். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குத் தலைவராக இருந்த தொழிற்சாலை முதலாளி அவருக்கு ஒரு யோசனை சொன்னார்: "எங்க ஆளு ஒருத்தர் இருக்காரு சார். அவரு போட்ட நம்பரை இதுவரைக்கும் யாரும் எதுத்துப் பேசினதில்ல. ரெண்டு நாளைக்கு அனுப்புறேன்."

ஊரில் வீட்டுக்கு ஒருவராவது தோல் வேலை செய்தார். எங்கள் அப்பாக்கள் ஊறப்போட்டு, சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி அனுப்பிய தோல்களுக்கெல்லாம் கடைசியில் நம்பர் போட்டவர் அவர். அவர் கையால் பிள்ளைக்கு ஒரு நம்பர் என்றால், அதை மறுத்துப் பேசுகிற வழக்கம் யாருக்கும் இல்லை. சண்டை நின்றுவிட்டது.

முதல் வருடம்தான் அந்தத் தவறு நடந்தது. வடக்கு வராந்தாவில் அவருக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் நம்பர் எழுத வேண்டும் என்று குமாஸ்தா விளக்கியும் இருந்தார். முதல் பையன் வந்தான். பாய் அவனுடைய உள்ளங்கையைத் தடவினார், காதை லேசாக இழுத்துவிட்டார், மதிப்பெண் பட்டியலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு இத்தனை வருடப் பழக்கத்தில் பையனைத் திருப்பி, சட்டை முதுகில் சாக்பீஸால் பெரிதாக நம்பர் போட்டுவிட்டு, "அடுத்தது" என்றார். குமாஸ்தா ஐயோ என்றார். அதற்குள் ஐந்தாறு முதுகு முடிந்துவிட்டது. சரி, நாளைக் காலையில் எல்லாரும் இதே சட்டையில் வாருங்கள், பதிவேட்டில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார் குமாஸ்தா. அதுவே வழக்கமாகிவிட்டது. முதல் நாள் முதுகு, மறுநாள் பதிவேடு. அந்த ஒரு ராத்திரி எங்கள் ஊர்ப் பையன்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அது பக்கத்தில் யாரையும் விட மாட்டார்கள். நம்பர் இல்லாமல் வட்டமும் கோடும் வாங்கினவன் மறுநாள் வர வேண்டியதில்லை. அந்த வருடம் அவனுக்கு இடம் கிடையாது.

பாய் வந்த நான்காவது வருடம் நான் பத்தாவது முடித்தேன். கணக்கில் ஏதோ கரையேறியிருந்தேன். என் அப்பா அதே தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார். அவர் என்னிடம் சொன்னது சுருக்கமாக இருந்தது: "ஜூனியர் காலேஜ்ல எந்த குரூப் குடுத்தாலும் படி. இடம் இல்லன்னு சொல்லிட்டா, மறுநாள் காலையில என்கூட கம்பெனி கேட்டாண்ட வந்துடு." அப்பாவின் கால் விரல்களைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. நான் எந்த குரூப்புக்கும் தயாராக இருந்தேன்.

வரிசையில் நான்தான் கடைசி. நாலு மணி ஆகப் போகிறது. குமாஸ்தா டீ குடிக்கப் போய்விட்டார். பாய் என் கையைத் தடவினார், காதை இழுத்தார், திருப்பினார். முதுகில் சாக்பீஸ் உரசுவது தெரிந்தது. என்ன எழுதினார் என்று உணர்ந்து பார்க்க முயன்றேன். கூச்சத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குப் பின்னால் பார்ப்பதற்கு ஆளும் இல்லை. வெளியே தூறல். அப்பா கொடுத்தனுப்பிய துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சட்டையைக் கழற்றும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவைக் கூட்டி வந்து அவரோடு சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தனியாகப் பார்க்கப் பயம், வேறொன்றுமில்லை. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத் தொழிற்சாலை கேட்டுக்கு ஓடினேன்.

நானும் அப்பாவும் திரும்பி வந்தபோது சட்டை கொடியில் தொங்கியது. நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கலவை ஊரில் மாமா வீட்டுக்குப் போயிருந்த அம்மா அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"எந்தத் தறுதலைடா உன் முதுகுல கிறுக்கினது? சாக்கட்டி போக நாலு தேய்ப்புத் தேய்க்க வேண்டியதாப் போச்சு."

அப்பா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா எழுதியிருந்துச்சு? அதையாவது பாத்தியா?"

"கிறுக்கலைப் போய்ப் படிப்பாங்களா?" என்றாள் அம்மா.

மறுநாள் காலை அலுவலகத்தில் எல்லாப் பையன்களும் குமாஸ்தாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் ஒவ்வொரு முதுகாகப் படித்து எழுதிக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

"இன்னாடா, உன் முதுகு காலியா இருக்குது?"

அம்மாவும் கூட வந்திருந்தாள். நேராக வராந்தாவுக்குப் போய், பாயிடம் விஷயத்தைச் சொன்னாள். நான் போட்டிருந்த சட்டையைக் கழற்றச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். நான் பனியனோடு நின்றேன். பாய் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தொவையல் ஒண்ணாம் நம்பர்" என்றார். "துணி ரெண்டு. வேற ஒண்ணும் இல்லம்மா."

"இன்னொரு வாட்டி புள்ளையப் பாத்துப் போட்டுடுங்க பாய்."

"பாத்தாச்சேம்மா."

"இன்னா போட்டீங்க, அதையாவது சொல்லுங்க."

"ஒண்ணைப் பாத்து முடிச்சதும் மறந்துடணும்மா. இல்லன்னா அதோட தழும்பு அடுத்த தோல்ல தெரியும்."

தலைமையாசிரியர் வந்தார். "ஏதோ ஒரு நம்பர் போட்டு விடுங்க பாய்" என்று கெஞ்சினார்.

"ஏதோ ஒரு நம்பர் போடுறதுக்கு நான் எதுக்கு சார்? பஸ் கண்டக்டர் போதுமே. நீங்களே போட்டுக்குங்க."

தலைமையாசிரியர் முகம் வெளுத்துவிட்டது. "நான் போட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கு ஊர்ல அத்தனை பேரும் சட்டையைத் துவைச்சிக்கிட்டு என் ரூம் வாசல்ல நிப்பாங்க பாய்."

அதுவும் நியாயம்தான். ஒருவர் மறுபடி பார்க்க மாட்டார்; இன்னொருவர் முதல் தடவையே பார்க்க மாட்டார். கடைசியில் தலைமையாசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தப் பையன் எந்த குரூப் என்கிற பட்டியல் ஆயுத பூஜை லீவுக்கு முன்னால் வேலூர் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதுவரை நான் எந்த வகுப்பில் பெஞ்ச் காலியாக இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியது. அதற்குள் நம்பர் தெரிந்தால் பட்டியலில் பெயர் ஏறும். இல்லாவிட்டால் இல்லை. அப்பாவும் ஒத்துக்கொண்டார்: "பட்டியல் போற வரைக்கும் பாக்குறேன். அதுல பேரு இல்லன்னா, கம்பெனி கேட்டுதான்."

பிள்ளைகளே, அந்த ஜூனியர் காலேஜில் நான்கு குரூப்பும் படித்தவன் நான் ஒருவன்தான். எதிலும் முடிவு மட்டும் தெரியாது. திங்கட்கிழமை ஒன்றாவது குரூப்பில் தவளையின் வயிற்றைத் திறந்து, இதயம் எங்கே என்று தேடிக்கொண்டிருப்போம். செவ்வாய்க்கிழமை அங்கே ஆள் நிறைந்துவிடும்; நான் வரலாற்றில் உட்கார்ந்திருப்பேன். ஒரு ராஜா படையோடு ஆற்றைக் கடந்துகொண்டிருப்பார். அவர் அக்கரை போய்ச் சேர்ந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. புதன்கிழமை கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி உள்ளே போய், போர்வை போர்த்தியிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துப் படம் வரைவோம். எல்லா ஆசிரியர்களும் வருகைப் பதிவேட்டில் கடைசியில் என் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தார்கள். வரலாற்று சார் மட்டும் மற்றவர்கள் பார்க்காதபோது அதன் மேல் பேனாவால் எழுதிப் பார்ப்பார். அவர் வகுப்பில் மொத்தமே பதினோரு பேர்.

பாய்தான் பாவம். அவர் போட்ட நம்பர் ஒன்று தொலைந்துபோனது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என்னை எதேச்சையாகப் பார்த்துவிட்டால்கூட அது இரண்டாவது தடவை ஆகிவிடுமே என்ற பயம் வேறு வந்துவிட்டது. பஜாரில் என்னைத் தூரத்தில் கண்டால், தோளில் கிடக்கிற கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொள்வார். வண்டியில் வந்தால் இறங்கி, சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டரைப் படிப்பார். ஒருநாள் சலூனில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். எதிரே முழு நீளக் கண்ணாடி. முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அவன் போய்ட்டானா?"

"இப்பதான் பாய் உக்காந்தான். முடி வெட்டணும்" என்றார் சலூன்காரர்.

"சீக்கிரம் வெட்டி அனுப்பு. இல்லன்னா என் மூஞ்சி மேல துண்டைப் போடு."

"துண்டு போட்டா எப்படி பாய் ஷேவ் பண்றது?"

நான் முடி வெட்டிக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் நம்பரைத் தேடுவதை அவர் விடவில்லை. அன்றைக்குப் பயன்படுத்திய சாக்பீஸைக் காகிதத்தில் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். அதைத் தலைமையாசிரியரிடம் கொண்டுவந்தார். ஒன்று என்றால் சாக்பீஸ் கம்மியாகத் தேயும், இரண்டு மூன்று என்றால் ஜாஸ்தி தேயும், கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் எண்ணம். தலைமையாசிரியர் அந்தக் காலத்தில் இயற்பியல் நடத்தியவர். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். கரும்பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி எழுதித் தேய்த்துப் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சாக்பீஸ்தான் முழுவதும் தேய்ந்துபோயிற்று.

பட்டியல் போவதற்கு இரண்டு நாள் இருந்தது. அப்பா எனக்கு ரப்பர் பூட்ஸ் எந்த அளவு என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போனவர், தொட்டியிலிருந்து நேராக ஏறி, கால் சுண்ணாம்போடு மாடிக்குத் தரம் பிரிக்கிற இடத்துக்குப் போயிருக்கிறார். இருபது வருடமாக ஒரே தொழிற்சாலை. அவர் அந்த மாடிக்குப் போனது அதுதான் முதல் முறை. அங்கே நடந்ததைப் பக்கத்தில் வேலை செய்தவர்கள் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"பாய், நான் கீழ சுண்ணாம்புத் தொட்டியில இருக்கறவன். ஒரு சந்தேகம்."

"கேளுப்பா."

"கச்சாத் தோலு ஒண்ணைப் பாத்தீங்க. அப்பறம் அதை நாலு தொட்டியில போட்டு ஊற வெச்சு, பதம் போட்டு, மூணு மாசம் கழிச்சு மேல அனுப்புறோம். அது அதே தோலா, வேற தோலா?"

"வேற தோலு. இதுல இன்னா சந்தேகம்?"

"அப்ப என் புள்ளை மூணு மாசமா நாலு குரூப்லயும் ஊறிக்கினு கெடக்கிறான் பாய்."

பாய் கையில் இருந்த தோலைக் கீழே வைத்தாராம். பிறகு, "இத யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாராம், குறைப்பட்டுக்கொள்கிற மாதிரி.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வடக்கு வராந்தாவில் என்னை நிறுத்தினார்கள். குமாஸ்தா பட்டியலோடும் பேனாவோடும் என் முதுகுக்குப் பின்னால் தயாராக நின்றார். தலைமையாசிரியர் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். பாய் முகத்திலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு, புது ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். உள்ளங்கையைத் தடவினார். காதை இழுத்தார்.

"கொஞ்சம் ஜாஸ்தி ஊறிடுச்சு" என்றார். திருப்பி, எழுதினார்.

"மூணு!" என்று குமாஸ்தா கத்தினார். வழக்கத்தில் இல்லாதபடி வாய்விட்டே கத்தினார். பேனாவால் என் பெயரை எழுதி, மை காய்வதற்குள் உறையில் போட்டு ஒட்டினார். அப்பா சாயங்காலம் பூட்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. விஷயம் தெரிந்ததும், ஏற்கெனவே நம்பர் வாங்கினவர்கள் எல்லாம், நாங்களும் இத்தனை வருடத்தில் வேறு தோலாகிவிட்டோம், எங்களையும் பாருங்கள் என்று பாய் வீட்டு வாசலில் நின்றார்கள். மீசை வைத்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஒருவர் கையில் குழந்தையோடு வந்தார். பாய் எல்லாரையும் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் வரலாற்றுக்குப் போனவனுக்கு மறுபடியும் நான்கு. ஒன்று வாங்கினவனுக்கு மறுபடியும் ஒன்று. ஒருவருக்குக்கூட மாறவில்லை. ஊரே அசந்துபோயிற்று. அவருக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. "எல்லாம் ஒத்துப்போச்சு. அந்தத் தொவச்ச பையன் நம்பர் ஒண்ணுதான் சரி பாக்க முடியல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மூன்றாவது குரூப்பில் பாஸ் செய்தேன். ஷூ கம்பெனி ஸ்டோரில் வேலை கிடைத்தது. பிறகு மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்க்கிற பட்டியல் சுவரில் ஒட்டுகிற காலம் வந்தது; பாயைப் பள்ளிக்கூடத்தில் யாரும் கூப்பிடவில்லை. கல்யாணம் ஆயிற்று, நீங்கள் பிறந்தீர்கள்.

பெரியவளே, உன்னை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டு வந்த அன்று அம்மா, அதாவது உன் ஆயா, சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேச்சுவாக்கில் அந்தச் சட்டைக் கதையை எடுத்தேன். அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அன்னிக்கி உன் சட்டையில நம்பரே இல்லடா."

"பின்ன இன்னா இருந்துச்சு?"

பாத்திரத்துத் தண்ணீரில் விரலை நனைத்து, தரையில் ஒரு வட்டம் போட்டாள். அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள்.

"கல்யாணமான புதுசுல ரெண்டு வருஷம் நானும் அங்க ஓரம் வெட்டுற வேலைக்குப் போனவதான். இந்த மார்க் போட்ட தோலைத் தனியா எடுத்துப் போடறது என் வேலை. எனக்குத் தெரியாதா?"

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எதுக்கு? பாய் போட்டா சரியாத்தான் இருக்கும்னு சொல்லியிருப்பாரு உங்கப்பா."

தரையில் இருந்த வட்டம் காய்ந்துவிட்டது. அவள் அடுத்த கட்டுக் கீரையை எடுத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருக்கும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் பஜார் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெஜத்தைச் சொல்லு பேட்டா. எனக்கும் வயசாய்டுச்சு. அன்னிக்கி தொவைக்கிறப்போ உங்கம்மா பாத்திருப்பாங்களே. இன்னா போட்டிருந்தேன் நான்?"

எனக்கு வட்டமும் கோடும் கண் முன்னால் வந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டேன் பாய். மூணுதானாம்."

"மூணா?"

"மூணு."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொதல்லயும் மூணு, அப்பறமும் மூணு. அதானே பாத்தேன்! கண்ணு தப்பல." டீக்கடைக்காரரிடம் திரும்பி, "ஒத்துப்போச்சுப்பா, அதுவும் ஒத்துப்போச்சு" என்றார். கடைக்காரருக்கு எது ஒத்துப்போயிற்று என்று தெரியாது, இருந்தாலும் தலையாட்டினார்.

பிறகு பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்கம்மா மேல எனக்கு இத்தினி வருஷமா கோவம். பெருநாளைக்குத் தெரு முழுக்க பிரியாணி அனுப்புவேன், உங்க வீட்டுக்கு மட்டும் அனுப்ப மாட்டேன். கவனிச்சியா?"

"கவனிச்சோம் பாய்."

"இனிமே அனுப்புறேன். அவங்க தெரியாம தொவச்சிட்டாங்க, நான் மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த சட்டையை உதறி, மடித்து, மற்ற சட்டைகளின் மேல் வைத்து, ஒரு தட்டுத் தட்டினாள்.

"பிரியாணி வந்தா வாங்கி வெய்யி. ஆனா நான் அவரை இன்னும் மன்னிக்கலன்னு சொல்லு."